ஜமுக்காள நிழல்

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு விழித்தேன், ஏன் விழித்தேன் என்று மூன்றையும் குறித்து ஒரு மாதம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார். பிரஷர் நூற்றெழுபதுக்கு ஏறியிருக்கிறது. மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டுமாம். இப்படியே போனால் ஒருநாள் வாய் கோணிக்கொள்ளும் என்பதை நாகரிகமாகச் சொன்னார்.

படுத்தது 10.15. விழித்தது 11.05, 1.20, 3.30. காரணம்: அடுத்த வீட்டு வடிவின் சோலார் லைட்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதி இரவுப் பணி. ஊர் தூங்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்தவர்களுக்கு லைன் கொடுத்தவள், ஓய்வு பெற்ற பிறகு இருட்டில் படுத்துத் தூங்க ஆசைப்படுவது பெரிய பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

படுத்தது 10. விழித்தது 12.40, 3.32.

அந்த விளக்கைப் பற்றி டாக்டருக்குத் தெரிய வேண்டும். வடிவின் வீடு எனக்குக் கிழக்கே இருக்கிறது. நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர். சுவரை ஒட்டி அவள் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் தானியம் புடைக்கிற சுளகு அளவுக்கு ஒரு பேனல், அதன் கீழே விளக்கு. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் எரிகிறது. மாட்டிப் பத்து நாள் ஆகிறது. என் படுக்கையறை ஜன்னல் அதற்கு நேர் எதிரே.

எவ்வளவு வெளிச்சம் என்று சோதித்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி செய்தித்தாளைப் பிடித்தேன். தலைப்புச் செய்தி தெரிந்தது. வரி விளம்பரம் தெரிந்தது. கடைசியில் மாத்திரை அட்டையின் பின்பக்கம் உள்ள காலாவதித் தேதியைக்கூட வாசித்துவிட்டேன். பகலில் அதை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும்.

இதுகூட முழு வெளிச்சம் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாதபோது அரை வெளிச்சத்தில் நிற்கும். யாராவது முற்றத்தில் நடந்தால் சென்சார் கண்டுபிடித்து முழு வெளிச்சமும் பளீரென்று அடிக்கும். மூன்றரைக்கு அடிப்பது அதுதான். பூனையாக இருக்க வேண்டும். தினமும் அதே நேரத்துக்கு வருகிறது, அந்தப் பூனைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

படுத்தது 10.30. விழித்தது 1.10, 3.28.

நேரில் போய்க் கேட்டுவிட்டேன். வடிவு சண்டைக்காரி இல்லை. பதினெட்டு வருடத்தில் என்னிடம் ஒரு சொல் உயர்த்திப் பேசியதில்லை. கறிவேப்பிலை கேட்டால் கொத்தாக ஒடித்துத் தருவாள். அதனால் சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பிப் போனேன்.

"வடிவு, அந்த லைட்ட கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வையேன். எங்கண்ணுலயே அடிக்கி."

"அது மட்டும் கேக்காதிய அக்கா" என்றாள். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "செல்விக்கு மாப்பிள்ள பாத்துருக்கோம்லா. வள்ளியூர்ல. நகையெல்லாம் எடுத்து வச்சிருக்கு. கள்ளன் பயமாருக்கு."

செல்வி அவளுடைய மகள் ஆவுடைச்செல்வி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் நல்ல விஷயம்தான். ஆனால் நகை எடுத்த வீட்டில் வாசல் கேட்டுக்குப் பூட்டுகூடப் போடுவதில்லை, விளக்கு மட்டும் ஊருக்கே தெரிகிற மாதிரி எரிகிறது. இது என்ன கள்ளன் பயம் என்று எனக்குப் புரியவில்லை.

வடிவின் வீட்டுக்காரர் பலவேசம் வெளியே நாற்காலியில் இருந்தார். அரசு பஸ் டிரைவர், ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. என்னைப் பார்த்து, "ஏறுங்க, உள்ள எடம் இருக்கு" என்றார். சிரித்துவிட்டேன். சர்வீஸில் இருந்தபோது வாயைத் திறக்காத மனிதருக்கு இந்த வயதில் கிண்டல் வந்திருக்கிறது. வடிவு மட்டும் சிரிக்காமல் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. வேர்வையில் விழித்தது நான்கு முறை. பாளையங்கோட்டையில் மாசி பிறக்கும் முன்பே இந்தப் புழுக்கம்.

பிப்ரவரி 13, வியாழன்

சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை தெருவில் கரண்ட் இல்லை. அந்த விளக்கு மட்டும் எரிந்தது.

தெருவே அதன் கீழே வந்துவிட்டது. பிள்ளைகள் கேட்டருகே பரீட்சைக்குப் படித்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரி உளுந்து புடைத்தாள். நானும் முருங்கைக்கீரையைக் கொண்டுபோய் உட்கார்ந்து உருவினேன். ஒரு பழுத்த இலை தப்பவில்லை, பகலில் உருவினது போலவே இருந்தது. கம்பி கிடையாது, மீட்டர் கிடையாது, சுவிட்ச்கூடப் போட வேண்டாம். பொழுது சாய்ந்ததும் தானாக எரிகிறது. சாமானைக் குற்றம் சொல்ல முடியாது. அது நிற்கிற இடம்தான் குற்றம்.

எல்லாரும் வடிவைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. பலவேசம் வெளியே வந்து பிள்ளைகளைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க, வண்டியெடுக்கணும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அதன் பிறகு இருவரும் வெளியே வரவில்லை.

விழித்தது 1, 3.31.

பிப்ரவரி 15, சனி

குளியலறைக்கு பல்பு வாங்க சமாதானபுரம் போனேன். கடையில் அதே மாதிரி சோலார் லைட் தொங்கியது. சும்மா விசாரித்தேன். கடைக்காரருக்கு என்னிடம் ஒன்றை விற்றுவிடும் ஆசை.

"வெயிலு மட்டும் இருந்தாப் போதும்மா. அஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் பாக்க வேண்டாம். ஆனா பேனல் மேல நெழலு விழப்படாது. ஒரு மூலையில ஒரு மரக்கொப்பு நெழலு விழுந்தாலும் மொத்தமும் படுத்துரும். அப்பொறம் பாதி ராத்திரியில அணைஞ்சு போவும்."

பல்பை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்த மூலை நிழலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் பெரிய ஜமுக்காளத்தைத் துவைத்தேன். ரொம்ப நாளாகத் துவைக்க நினைத்திருந்ததுதான். மொட்டை மாடியின் கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம் இருக்கிற கொடியில் காயப்போட்டேன்.

நாலரைக்கு மேல் என் வீட்டு நிழலே அந்தப் பேனல் மேல் விழுந்துவிடும். அது வீடு கட்டியபோதே ஏற்பட்டது. அதற்கு முன்னால் ஒன்றரை முதல் நாலரை வரைதான் ஜமுக்காளத்தின் பங்கு. மாடியில் நின்று பார்த்தேன், பேனலின் முக்கால் பாகம் மறைந்திருந்தது.

இதில் யார் மேலும் தப்பு இல்லை. என் மாடி, என் கொடி, என் ஜமுக்காளம்.

பிப்ரவரி 17, திங்கள்

படுத்தது 10. விழித்தது 12.50. விளக்கு 2.10க்கு அணைந்தது. மூன்றரைக்கு வெளிச்சம் அடிக்கவில்லை. விழித்திருந்ததால் அது அணைந்ததைப் பார்க்க முடிந்தது. இருட்டு எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பழைய கம்பளி ஒன்றையும் நனைத்துப் போட்டேன். ஒரு மூங்கிலை முட்டுக்கொடுத்துக் கொடியை ஒன்றரை அடி உயர்த்தினேன். விளக்கு 12.40க்கு அணைந்தது.

பிப்ரவரி 19, புதன்

படுத்தது 10. விழித்தது 5.20. ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 20, வியாழன்

வடிவின் வீட்டுக்கு மெக்கானிக் வந்தான். காலை பத்து மணிக்கு வந்ததால் பேனல் மேல் நல்ல வெயில். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேனல்ல ஒரு கொறையும் இல்ல, பேட்டரிதான் போயிருக்கும்" என்று புது பேட்டரி மாட்டிவிட்டுப் போனான். நான் மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டு கேட்டேன்.

விளக்கு 12.55க்கு அணைந்தது. புது பேட்டரிக்குக் கால் மணி நேரம் கூடியிருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

வடிவு தினமும் ஸ்டூல் போட்டு ஏறி ஈரத்துணியால் பேனலைத் துடைக்கிறாள். மாடியிலிருந்து அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. கீழே போய் விசாரித்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "தூக்கமே இல்லக்கா" என்றாள். வெளிச்சம்தான் போய்விட்டதே, பிறகு இவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

நான் விழித்தது 5.30.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது செல்வி கேட்டுவிட்டாள்.

"என்ன பெரியம்மை, வீட்ல விருந்தாளு வந்துருக்காவளா? தெனமும் ஜமுக்காளம் காயுது."

"மூட்டப்பூச்சி தாயீ" என்றேன்.

அவள் அம்மா கள்ளன் என்றாள், நான் மூட்டைப்பூச்சி என்றேன். இரண்டும் சரியாகப் போயிற்று. ஆனால் நனைந்த ஜமுக்காளத்தைத் தினமும் மாடிக்குத் தூக்குவதில் இடுப்பு விட்டுப்போகிறது.

மார்ச் 2, ஞாயிறு

செல்விக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே சுருக்கமாக வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. பையன் நல்ல மாதிரி, செல்வியைப் பார்க்கும்போதெல்லாம் காது சிவந்தது. அந்தப் பெண் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வடிவு சபையில் பலவேசத்தின் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் இவள் சொன்னாள். பந்தி விசாரிப்பது, தாம்பூலம் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா, "சம்பந்தி எந்த ரூட்டு ஓட்டுனிய?" என்று நேராக அவரிடமே கேட்டுவிட்டார். பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர். மொத ட்ரிப்பு நாலு பத்து" என்று கடகடவென்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

விசேஷ நாள் என்பதால் ஜமுக்காளம் போடவில்லை. மூன்றரைக்கு வெளிச்சம் அடித்தது. பூனை திரும்பவும் வந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பூனை இல்லை. வடிவும் பலவேசமும் கைகோத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். இந்த வயதில் இந்த நேரத்தில் என்ன உலாத்தல் என்று நினைத்தேன். பிறர் விஷயம் என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ஜமுக்காளம், கம்பளி. விளக்கு 12.20க்கு அணைவதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன். விழித்தது 5.15.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போனேன். பிரஷர் நூற்று முப்பத்திரண்டு. நோட்டைத் திறந்து பக்கத்தின் மேல் வரியையும் கீழ் வரியையும் மட்டும் பார்த்தார். நடுவில் எழுதியதை வாசிக்கவில்லை.

"பிப்ரவரி பாதிக்கு மேல பிரமாதமா இருக்கே. என்ன செஞ்சீங்க?"

"ஜமுக்காளம் துவைச்சேன்."

"நல்லது. உடம்புக்கு வேலை குடுத்தாலே தூக்கம் வரும். விடாதீங்க" என்றார்.

இனி எழுத வேண்டாம் என்றார். நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன, எழுதுவதும் பழகிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 5.10க்கு வடிவு என் கதவைத் தட்டினாள். தலை விரிந்து கிடந்தது. பலவேசத்தைக் காணவில்லை. காக்கிச் சட்டையையும் செருப்பையும் காணவில்லை. கேட் திறந்து கிடந்தது.

அவளை உட்காரவைத்தேன். அப்போதுதான் சொன்னாள். இரண்டு வருடமாகவே அவருக்கு நினைவு தப்புகிறது. போன வருடம் முதல் மூன்றரை மணிக்கு எழுந்து முதல் ட்ரிப்புக்குக் கிளம்பிவிடுகிறார். கதவைப் பூட்டிப் பார்த்திருக்கிறாள். பூட்டினால், டெப்போவில் லேட் போடுவார்கள் என்று கதவை உடைக்கிற மாதிரி தட்டிச் சத்தம் போடுவாராம்.

"அதுக்குத்தான் அந்த லைட்டுக்கா. நான் ஜன்னலோரம் படுத்துருப்பேன். அவுக முத்தத்துல கால வச்சதும் வெளிச்சம் பளிச்சுன்னு எம்மூஞ்சில அடிக்கும். எந்திரிச்சுப் போயி கையப் பிடிச்சு நாலு சுத்து சுத்தி, ட்ரிப்பு முடிஞ்சுட்டுன்னு கூட்டியாந்து படுக்க வச்சுருவேன். மணி கட்டுனா தெருவுக்கே கேக்கும். வெளிச்சம் சத்தம் போடாதுல்லா."

லைட் அணைய ஆரம்பித்த பிறகு இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். மூன்று வாரம். நேற்று உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாளாம்.

போலீசுக்குச் சொல்லலாம் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. வள்ளியூர்ல தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். புள்ளைக்கும் இது வரும்னு சொல்லிருவாவ. வைகாசி வரைக்கும் எப்படியாவது ஒப்பேத்திரலாம்னு இருந்தேன்." செல்வி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

நான் மாடிக்குப் போனேன். கொடியில் கிடந்த ஜமுக்காளத்தையும் கம்பளியையும் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அதன் பிறகுதான் கீழே வந்து போனைக் கையில் எடுத்தேன். எதை முதலில் செய்தேன் என்பது இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

எட்டரை வரை செல்வியும் தெருவில் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு, டெப்போ எல்லாம் தேடினார்கள். அவர் வேலை பார்த்த பழைய டெப்போ இப்போது அங்கே இல்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. டெப்போவும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்றால், இந்த மனிதர் ரூட்டில் நடந்தே போயிருப்பார்.

முப்பத்தொரு வருடம் லைன் கொடுத்தவளுக்கு இது ஒன்றுதான் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று அவர் சொன்ன வரிசையிலேயே ஊர் ஊராகப் பிடித்தேன். கிருஷ்ணாபுரத்தில் ஒரு டீக்கடை, செய்துங்கநல்லூரில் ஒரு மருந்துக்கடை, கருங்குளத்தில் எங்கள் சபை ஊழியரின் தங்கை. ஒவ்வொருவரிடமும் அடையாளம் சொல்லி, என் நம்பரைத் திருப்பிச் சொல்லவைத்தேன். ஒன்பதுக்கு வடிவைக் கேட்காமல் போலீசுக்கும் போன் செய்தேன்.

பகல் 1.50க்குக் கிருஷ்ணாபுரம் டீக்கடையிலிருந்து போன். ஊருக்கு முன்னால் ரோட்டோரப் பாலத்துக்குக் கீழே கிடந்திருக்கிறார். பனங்கிழங்கு விற்கிற ஒரு பெண் முனகல் கேட்டுப் பார்த்திருக்கிறாள். விடியுமுன் இருட்டில் கால் தவறி விழுந்திருக்க வேண்டும். ஏழு எட்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார், அதில் பாதி வெயிலில். உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வடிவு என் காலைத் தொட்டாள். "நீங்க இல்லன்னா அவுகளப் பொணமாத்தான் பாத்துருப்பேன்" என்றாள். வார்டு முழுக்கப் பார்த்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

படுக்கவில்லை. வடிவின் வீட்டில் ஆள் இல்லை. விளக்கு மட்டும் விடிய விடிய எரிந்தது, அரை வெளிச்சத்தில்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பலவேசத்துக்குத் தகடு வைத்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. என்னைப் பார்த்து, "பிரேக் பிடிக்கல, பாத்து எறங்குங்க" என்றார்.

வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். வார்டு டாக்டர் அவர்கள் முன்னாலேயே, யாருக்கோ சொல்வதுபோல, நினைவு தப்புவது பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார், எத்தனை வருடமாக இது இருக்கும் என்பது உட்பட. அந்த அம்மா வடிவின் தோளைத் தடவிக்கொடுத்தாள். "மொதல்ல அண்ணாச்சி எந்திரிக்கட்டும். ஆடி கழியட்டும், பொறவு பேசிக்கிடுவோம்" என்றாள். வைகாசியில் வைத்த கல்யாணத்தை ஆடி கழிந்து பேசுவதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பையன் வரவில்லை. செல்வி ஆப்பிளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளாஸ்கில் பாலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பாலும் இட்லியும் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நாளில் இரண்டு முறை மயக்கம் வந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன செஞ்சீங்க என்று கேட்பார்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்று பலவேசத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தூக்கி இறக்கிக் கட்டிலில் போட்டார்கள். இனி எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கால் தேறினாலும், நடக்கப் பழக்குவதற்குச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமே.

இன்று காலை பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வடிவு ஸ்பேனரோடு ஏறிக்கொண்டிருந்தாள். ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வடிவு செய்யுத?"

"லைட்டக் கழத்துதேன்க்கா. இனி எதுக்கு? அவுக எந்திரிக்கப் போறதில்லலா. உங்களுக்கும் தொந்தரவு இருக்காது." குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கறிவேப்பிலை வேணுமா என்று கேட்பாளே, அந்தக் குரல்தான்.

போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் தந்தாள். நான்கு போல்ட்டு. நான்காவதை வாங்கும்போது சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. ஜமுக்காளம், கம்பளி, மூங்கில், மெக்கானிக் காலையில் வந்தது, மூட்டைப்பூச்சி என்று செல்வியிடம் சொன்னது, அன்றைக்கு மாடிக்குப் போய் மடித்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மேலே பார்க்கவில்லை. அவளுடைய பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குதிகால் முழுக்க வெடிப்பு.

அவள் ஸ்பேனரைச் சுவர் மேல் வைத்தாள். பிறகு, "தெரியும்க்கா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பேட்டரி மாத்துன மறுநாளே பாத்துட்டேன். மத்தியானம் தொடைக்க ஏறுனேன். தொடைக்கத் தொடைக்க நெழலு போவல. திரும்பிப் பாத்தா உங்க ஜமுக்காளம்."

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? அன்னைக்கே எடுத்துருப்பேனே."

"எடுத்துருப்பிய. எனக்குத் தெரியும். ஆனா எடுக்கச் சொன்னா, எதுக்குட்டி உனக்கு அந்த லைட்டுன்னு கேப்பியல்லா? மறுபடியும் கள்ளன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உள்ளதச் சொல்லவும் வரல. நீங்க வெளிய சொல்ல மாட்டியன்னும் தெரியும். இருந்தும் வரலக்கா. வைகாசிதான, மூணு மாசந்தான, முழிச்சே இருந்துருவோம்னு நெனச்சேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. விளக்கைப் பேனலோடு குழாயிலிருந்து உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அதைச் சுவரில் ஊன்றினாள். ஸ்டூல் மறுபடியும் ஆடியது.

"அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. எறங்குதேன்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.